பட்டி ஏலத்தில் பிடித்த மாடுகள்

ஏலத்தில் மாடு பிடித்த உங்களுக்குத் தெரியும்: விலை கேட்கும்போது வராத பயம், கயிறு கைக்கு வந்ததும் வந்துவிடும். எண்பதுகளில் நான் முத்தாபுதுப்பேட்டையில் பால் வியாபாரம் செய்தேன். தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைப்பார்கள். மீட்க யாரும் வராவிட்டால் ஏலம். மலிவாகக் கிடைக்கும். மாட்டின் முன்கதையைத்தான் யாரும் சொல்லமாட்டார்கள்.

தண்டவாளத்தில் படுத்தது

முதல் மாடு கறுப்புப் பசு. ஓட்டிவரும்போது ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின்மேல் படுத்துவிட்டது. இழுத்தேன், வாலை முறுக்கினேன், அசையவில்லை. தூரத்தில் வண்டிச் சத்தம். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். அது இறுகிப்போய் அவிழ்க்கவும் முடியவில்லை. கேட்கீப்பர் ஓடிவந்து மாட்டின் மூக்கை இறுகப் பொத்தினார். மூச்சு முட்டி எழுந்தது. நாங்கள் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் வண்டி போனது. அவர் சிவந்துபோன என் கையைப் பார்த்தார்.

"மாடு ஏந்திருக்கலன்னா இன்னா பண்ணிருப்ப? இனிமே கவுத்த கையில சுத்தாதம்மா."

பின்னாலேயே வந்த ஆள்

இன்னொரு முறை, மாட்டை ஓட்டிவரும்போது பட்டியிலிருந்தே ஒருவன் பின்தொடர்ந்தான். நான் நின்றால் அவனும் நின்றான். ஒரு கை துணிப்பைக்குள்ளேயே இருந்தது. கத்திதான் என்று முடிவுகட்டினேன். வீட்டுக்காரர் ஃபேக்டரியில். ஓட்டமும் நடையுமாக வீடு வந்து வாசல் படலைச் சாத்தினேன். அவன் வெளியே நின்று, நசரத்பேட்டையிலிருந்து வருவதாகச் சொன்னான். அது அவன் மாடாம், அபராதம் கட்டி மீட்க வழியில்லையாம். பைக்குள்ளிருந்து ஒரு பிடி அகத்திக்கீரையை எடுத்துப் படலுக்கு மேலாக மாட்டுக்குக் கொடுத்தான்.

"திருப்பிக் கேக்க வரலக்கா. பின்காம்ப மொதல்ல தொட்டா ஒதைக்கும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

தொண்டையில் கை விட்டது

வாங்கின நான்காம் நாள் ஒரு பசு தீனி எடுக்கவில்லை, எச்சில் ஒழுகியது. ஏதோ சிக்கியிருக்கிறதென்று தொண்டைக்குள் கையை விட்டுத் துழாவினேன். மாட்டு டாக்டர் வந்து, வெறிநாய் கடித்த மாடு என்றார். மறுநாளே செத்தது.

எனக்கு வயிற்றில் பதினான்கு ஊசி என்றார்கள். அதைவிடப் பெரிய பயம், மூன்று நாள் அந்தப் பாலை ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு ஊற்றியிருந்தேன். அங்கெல்லாம் குழந்தைகள். மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். முதல் ஊசி போட்டுக்கொண்ட கையோடு வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். கடைசி வீட்டுத் திருநெல்வேலிக்காரம்மா என்னை உட்காரவைத்தார்.

"ஏட்டி, நாங்க காய்ச்சித்தான குடிச்சோம். நீ ஊசி போட்டியா?"

இவ்வளவு பட்டும், பட்டியில் ஏலம் என்று காதில் விழுந்தால் போதும், 'சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்' என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.