நான்கு வீட்டுக் கிணற்றின் சாவி

வற்றிப்போன கிணற்றில் குடிதண்ணீர் லாரியை விட்டு ஆறு நடை தண்ணீர் ஊற்றச் சொல்லி, அதை ஊற்றுத் தண்ணீர் என்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதிகாரிகளிடம் காட்டியவன் நான்.

சொல்லிவிட்டேன். நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்... இதைவிடக் கேவலமானது இனிமேல்தான் வருகிறது.

என் ஊர் கேரளத்தில், எருத்தேன்பதிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. மலையாளத்தில் மனு எழுதி, கொங்குத் தமிழில் சண்டை போடுகிற ஊர். அங்கே பிறந்து, படித்து, பாலக்காட்டில் ஒரு வளர்ச்சித் திட்டத்தின் அலுவலகத்தில் மேசை பிடித்தேன். நீர், ஆற்றல், உணவு, சூழல் நான்கையும் ஒரே கொள்கையாக இணைப்பது எங்கள் தொழில். நான்கு வண்ணங்களில் நான்கு வட்டங்கள் வரைந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போடுவோம். அதைத் திரையில் காட்டி, தேநீர் குடித்து, கைதட்டிக் கலைவோம். அந்த அம்புக்குறிகளில் ஒன்றாவது ஒரு செடிக்குத் தண்ணீர் பாய்ச்சியதா என்று எங்களில் எவனும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்துக் கிணறு நான்கு வீட்டுக்குப் பொது. என் அண்ணன் வீடு, பங்காளிகள் இருவர் வீடு, மயிலாத்தா சின்னம்மா வீடு. சின்னம்மா என் அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா போன பிறகு தனியாகக் காடு கழனி பார்த்தவள். ஒரு கிணறு, ஒரு மோட்டார், மோட்டார் ரூமுக்கு ஒரே ஒரு சாவி. சிவப்புக் கயிறு கட்டிய அந்தச் சாவி எந்த வீட்டில் இருக்கிறதோ, அன்றைக்கு அந்த வீட்டுக்குத் தண்ணீர் முறை. பொழுது சாய்ந்ததும் அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

நான்கு நாள் நான்கு வீட்டுக்கு. ஐந்தாம் நாள்?

ஐந்தாம் நாள் கிணற்றுக்கு! அன்று சாவி, கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னம்மா வீட்டு நிலைக்கதவு ஆணியில் தொங்கும். எவரும் தொடமாட்டார்கள். எவ்வளவு பெரிய கோடையானாலும், பயிர் வாடிக் கிடந்தாலும், ஐந்தாம் நாள் மோட்டார் ஓடாது. கிணறு ஊறிக்கொள்ளும்.

நான்கு வட்டங்களும் அத்தனை அம்புக்குறிகளும் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. வளர்ந்த காலமெல்லாம் அதைப் பார்த்தவன் நான். பெரிய படிப்புப் படித்த பிறகு அது என் கண்ணுக்கு ஒரு துருப்பிடித்த இரும்பாகத் தெரிந்தது.

எங்கள் திட்டத்தில் சூரிய ஒளி மோட்டார் கொடுத்தோம். வீட்டுக்கு ஒன்று. முதல் ஊராக என் ஊரையே எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு பெருமை எனக்கு! நான்கு தகடுகள் வெயிலில் மின்னின. நான்கு குழாய்கள் ஒரே கிணற்றுக்குள் இறங்கின. கரண்ட் போகும் என்ற பயம் இல்லை, முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சாவி வாங்க அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

முதல் வருடம் அண்ணன் தக்காளி போட்டான். காடு பச்சைப்பசேல் என்றிருந்தது. அந்தப் பச்சையைப் படம் பிடித்து ஒரு வழிகாட்டி நூலே எழுதிவிட்டேன். ஆப்பிரிக்க நாடுகளின் நிலைத்த வளர்ச்சிக்கு இதோ ஒரு முன்மாதிரி என்று அட்டையில் போட்டார்கள். உள்ளே ஒரு பத்தியில், முன்பு ஐந்தில் ஒரு நாள் மோட்டார் சும்மா கிடந்து வீணானது என்றும், சாவி மாற்றும் பழைய வழக்கம் சச்சரவுக்கு இடம் தந்தது என்றும் எழுதினேன். என்ன சச்சரவு? ஒன்றும் இல்லை. ஒரு பத்தி நிறைய வேண்டியிருந்தது, எழுதினேன். அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் அண்ணன் வாழைக்கு மாறினான். பங்காளிகளும் மாறினார்கள். நான்கு மோட்டாரும் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை உறிஞ்சின. மூன்றாம் கோடையில் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது.

மற்ற மூவரும் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள். சின்னம்மாவால் முடியவில்லை. அவளுடைய கடலைக்காடு காய்ந்தது. தென்னையில் குரும்பை கொட்டியது. அவள் வாசலில் நாங்கள் நிறுத்திய தகடு மட்டும் நன்றாக இருந்தது, அதன் நிழலில் ஆடுகள் படுத்துக் கிடந்தன.

அந்த நேரத்தில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குழு வருகிறது என்று தகவல் வந்தது. என் நூலைப் படித்துவிட்டு, என் ஊரைப் பார்க்க!

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாருங்கள், இது இப்படித்தான் கெட்டுப்போனது, உங்கள் ஊரில் இதைச் செய்துவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தால், அதுவே அவர்களுக்குப் பெரிய பாடமாக இருந்திருக்கும். சொன்னேனா? அடுத்த மாதம் நைரோபியில் ஒரு மாநாடு. பேச்சாளர் பட்டியலில் என் பெயர். கண்ணாடிக் கதவுள்ள விடுதியில் தங்கி, ஆப்பிரிக்காவின் பசியைப் பற்றி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பேசும் கூட்டம் அது. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீதிக்குக் கோடையில் குடிதண்ணீர் லாரி விட்டதும் எங்கள் திட்டம்தான். எனவே லாரி என் சொல்லுக்கு நின்றது. ஓட்டுநர் ரசாக் மட்டும் ஒருமுறை கேட்டார்.

"சாரே, இது குடிக்கற தண்ணியாக்கும். கெணத்துலயா ஊத்தச் சொல்றீங்க?"

"ஊத்துங்க ரசாக். நான் பாத்துக்கறேன்."

காலையிலிருந்து ஆறு நடை. வீதியில் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னம்மாவின் பச்சைக் குடமும் அந்த வரிசையில் இருந்தது. லாரியின் குழாய் கிணற்றுக்குள் இறங்குவதைக் கண்டு அவள் என்னிடம் வந்தாள்.

"ஏஞ்சாமி, குடிக்கற தண்ணியக் கொண்டாந்து கெணத்துல உடற? எதுக்கு?"

"வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க சின்னம்மா. கொஞ்ச நேரத்துக்குத்தானுங்க. நாளைக்கு ரெண்டு லாரி வரச் சொல்றேன்."

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். குடம் காலி.

குழு வந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். அடியில் தண்ணீர் பளபளத்தது. அண்ணன் மோட்டாரைப் போட்டான். குழாயில் தண்ணீர் சீறியது, படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். லாரித் தண்ணீருக்குக் கைதட்டல்! நான் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாகச் சிரித்தேன். அந்தப் புகைப்படம் இன்னும் எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது.

ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. மலாவியிலிருந்து வந்தவள், பெயர் கிரேஸ். அவள் மாவட்டத்தில் பாசனத்துக்குப் பொறுப்பானவள். வெயிலுக்கு ஒதுங்கச் சின்னம்மா வீட்டு வாசலுக்குப் போனாள். சின்னம்மா வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு சொம்பு கொடுத்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்தவள், ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்து, அது என்னவென்று சின்னம்மாவிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்.

சின்னம்மா நின்று நிதானமாகச் சொன்னாள்.

"அது கெணத்துச் சாவிங்கம்மா. நாலு நாளு நாலு ஊட்டுக்கு, ஒரு நாளு கெணத்துக்கு. அதுதானுங்க இத்தன காலம் கெணத்தக் காப்பாத்துச்சு. ஆளுக்கொரு மோட்டார் வந்துது, சாவிக்கு வேலையில்லாமப் போச்சு. மூணு கோடை தாங்கலைங்க. இப்ப நீங்க பாத்தது லாரித் தண்ணி. உங்கூர்ல இப்பிடி எதாச்சும் இருந்தா உட்ராதீங்க. அதச் சொல்லத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்."

நான் மொழிபெயர்த்தேன். "பழைய மோட்டார் அறைச் சாவி. இப்போது பயன் இல்லை. ஞாபகத்துக்கு வைத்திருக்கிறார்கள்."

நாக்கூசாமல் சொன்னேன்!

கிரேஸ் என்னை ஒரு நொடி பார்த்தாள். அவ்வளவு நேரம் பேசினார்களே, நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே என்றாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள் என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். எனக்குச் சிறுவயதில் பசித்தபோதெல்லாம் சின்னம்மாதான் சோறு போட்டாள். அவளைக் கேலிப் பொருளாக்கிச் சிரித்தேன்.

கோடையில் கிணறு இறங்குமா என்று கிரேஸ் அடுத்துக் கேட்டாள். இறங்கும், மூன்று வாரத்தில் தானாக ஊறிவிடும் என்றேன். மூன்று வாரம்... எங்கிருந்து வந்தது அந்தக் கணக்கு? என் வாயிலிருந்து வந்தது. அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியதும் சின்னம்மா என் கையைப் பிடித்தாள்.

"நாஞ் சொன்னத எல்லாம் அந்தப் புள்ளகிட்டச் சொன்னியா கண்ணு?"

"சொன்னேனுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தானுங்க சின்னம்மா."

"அப்பச் செரி. அவ ஊராவது பொழைக்கட்டும்."

காலிக் குடம் அவள் காலடியில் இருந்தது. மறுநாள் நான் சொன்ன இரண்டு லாரியும் வரவில்லை. நான் நைரோபிப் பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தேன், மறந்துவிட்டேன்.

நைரோபியில் பேசினேன். ஆப்பிரிக்காவை வண்டியின் கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்தேன். திரும்பி வந்து பதவி உயர்வு பெற்றேன். எப்படி இருக்கிறது என் கதை? அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது... ஆனாலும் மாதச் சம்பளத்தை வாங்கத் தவறியதில்லை.

சென்ற கோடையில் கிரேஸிடமிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. குற்றச்சாட்டு ஒன்றும் அதில் இல்லை. குற்றம் சாட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மரியாதையாக எழுதியிருந்தாள்.

அவளுடைய பிறந்த ஊரிலும் பொதுக் கிணறு ஒன்று உண்டாம். ஒரு கோலை வீடு வீடாகக் கைமாற்றி, கோல் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் விடுவார்களாம். என் நூலில் அப்படிப்பட்ட வழக்கங்கள் சச்சரவுக்கு இடம் தரும் என்று படித்ததால், ஊராரிடம் தானே பேசி அதை நிறுத்தி, வீட்டுக்கொரு சூரிய மோட்டார் வாங்கித் தந்தாளாம். முதல் இரண்டு விளைச்சல் அருமை. இப்போது கிணறு அடியைத் தொட்டுவிட்டது. நீங்கள் சொன்ன மூன்று வாரம் கடந்துவிட்டது, இது ஐந்தாவது வாரம், சோளம் வாடுகிறது, ஊர் என்னைத்தான் கேட்கிறது. உங்கள் கிணறு சரியாக எத்தனை நாளில் ஊறியது என்று தயவுசெய்து சொல்லுங்கள்... இதுதான் கடிதம்.

அந்தக் கோல் இப்போது எங்கே என்று அவள் எழுதவில்லை. எரித்திருப்பார்களோ, யாராவது ஆட்டை ஓட்ட எடுத்துக்கொண்டு போயிருப்பார்களோ... எனக்குத் தெரியாது.

நீங்கள் என்ன பதில் எழுதியிருப்பீர்கள்? மோட்டார்களை நிறுத்துங்கள், அந்தக் கோலைத் தேடி எடுங்கள், என் நூலைக் கிழித்து அடுப்பில் போடுங்கள் என்றுதானே? அதைத்தான் நானும் தட்டச்சு செய்தேன். செய்து முடித்து, மேலிருந்து கீழே ஒருமுறை படித்தேன். அப்போது என் மேசையில் நூலின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகக் காத்திருந்தது.

எழுதியதை எல்லாம் அழித்தேன். 'மண்ணைப் பொறுத்துக் காலம் மாறுபடும். இன்னும் சிறிது பொறுத்திருங்கள்' என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன்.

நன்றி, காத்திருக்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சின்னம்மாவின் காட்டில் இப்போது ஒன்றும் இல்லை, கூலிக்கு அண்ணன் தோட்டத்துக்கே போகிறாள். எனக்குக் காபி கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கேட்பதையே கேட்டாள்.

"அந்தக் கறுத்த புள்ள, நம்மூட்டுல தண்ணி குடிச்சுதே... அவ ஊர்க் கெணறு எப்பிடி இருக்குதாம்?"

சாவி அவளுக்குப் பின்னால் அதே ஆணியில் இருந்தது. சிவப்புக் கயிறு வெளுத்துவிட்டது.

"நல்லா இருக்குதாமுங்க சின்னம்மா."

"நாம சொல்லி உட்டது வீண் போகல பாரு," என்றாள்.

நான் காபியைக் குடித்து முடித்தேன்.