அம்மாவின் வேர்க் கஷாயம்

மூலிகைச் சாறுகளை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றால் கேடு ஏதும் வருமா என்று பார்க்கும் ஓசூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. எந்தச் செடியின் சாறு என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். புட்டியில் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். வெளியே போனால், "மூலிகைதானே, என்ன பண்ணிடப் போவுது" என்று ஊரே பேசும். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அந்த முறை சினை எலிகள். இடது கையில் எலியைப் பிடித்து, முனையில் உருண்டை வைத்த வளைந்த ஊசியைத் தொண்டைக்குள் இறக்கி, தினமும் காலையில் சாற்றை ஊற்ற வேண்டும். புட்டியைத் திறந்த முதல் நாளே ஈரமண்ணும் இஞ்சியும் கலந்தது போன்ற வாசனை மூக்கில் ஏறியது. அது எங்கள் வீட்டு அடுப்படி வாசனை. நானும் அப்போது மாசமாக இருந்தேன்; வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. குமட்டல் நிற்பதற்காக எங்கள் ஊர் அஞ்செட்டியிலிருந்து ஒரு வேரைக் கொண்டுவந்து, என்னோடு தங்கி, அம்மா தினமும் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே வேர் என்று தோன்றியபோது, அம்மாவின் வைத்தியம் ஆய்வுக்கூடம் வரை வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமைதான் வந்தது. ஊர்மேல் எரிச்சல்படுகிறவள் அம்மாவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தேன்.

குட்டி ஈனும் நாளுக்குச் சற்று முன்பு எலிகளை அறுத்துப் பார்த்தோம். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் கொடுத்தவற்றின் கருப்பையில் குட்டிகள் அவரைக்காய்க்குள் விதைபோல வரிசையாக இருந்தன. சாறு அதிகம் கொடுத்த எலியில் அந்த வரிசையே இல்லை. கறுத்த புள்ளிகள் மட்டும். கரு தங்கி, கரைந்துபோன தடங்கள். அடுத்த எலியிலும் அப்படித்தான். கத்தரி கையிலிருந்து விழுந்தது.

மூத்த விஞ்ஞானியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "என்னம்மா இது, மாசமா இருக்கேன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று பதறினார். விசாரித்துச் செடியின் பெயரைச் சொன்னார். அதே வேர்தான். "எலிக்கு ஊத்துனது உங்க வீட்டுக் கஷாயத்தவிடப் பல மடங்கு. பயப்படாத. மொதல்ல ஸ்கேன் எடு" என்றார். பல மடங்கு என்றது என் மண்டையில் ஏறவே இல்லை.

அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஸ்கேனுக்கு ஓடினேன். டாக்டர் திரையில் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் செத்துப் பிழைத்தேன். பிறகு துடிப்புக் கேட்டது. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஓவென்று அழுதுவிட்டேன்.

வெளியே வந்த பிறகுதான் அம்மாவிடம் எலிகளைப் பற்றிச் சொன்னேன். இனி அந்த வேரைத் தொடாதே என்றேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்கு முன்ன எனக்கு ரெண்டு தங்கலடி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

"ரெண்டு வாட்டியும் இதத்தான் காச்சிக் குடிச்சிக்கினு இருந்தேன். ஒன்னச் சொமந்தப்ப மட்டும் மழ விடல. காட்டுக்குள்ள போயி வேரு புடுங்க முடியல."

"எலி வேற, மனுசங்க வேறம்மா. அளவும் வேற" என்றேன்.

அம்மா என் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப நீ எதுக்குடி இப்பிடி ஓடியாந்த?"