கஸ்தூரி அக்கா போட்ட சளி மாத்திரை

கஸ்தூரி அக்கா போய்ட்டாங்க. நேத்து சாயங்காலம்.

எங்க கம்பெனி பஸ்ல ரெண்டாவது சீட்டு, ஜன்னலோரம். அவங்க பூஞ்சேரில ஏறுவாங்க, நான் செங்கல்பட்டுல. மறைமலைநகர் வர்ற வரைக்கும் வாய் மூடாது. வயரிங் லைன்லயும் பக்கத்து பக்கத்து டேபிள்தான், பல வருஷமா.

அழுகை வரல. கோவம்தான் வருது. யார் மேலன்னு கேட்டா எல்லார் மேலயும். மொதல்ல அக்கா மேல.

ரெண்டு வருஷமா அவங்களுக்கு ஒண்ணு வரும்... லைன்ல வேல செஞ்சிகினு இருக்கும்போதே மூஞ்சி வெளுத்துடும். வேர்த்து ஊத்தும். தலவலி மண்டைய பொளக்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாரி எழுந்து வேலைய பாப்பாங்க.

டிஸ்பென்சரிக்கு இழுத்துகினு போவேன். போறதுக்குள்ள எல்லாம் நின்னுடும். பிபி பாத்துட்டு "நார்மல்மா, போங்க"ன்னுடுவாங்க.

அப்புறம் ஆளாளுக்கு டாக்டர்தான். சூப்பர்வைசர் "கேஸ்மா, சோடா குடி"ன்னாரு. கேன்டீன்ல "பீரியட்ஸ் நிக்கிற வயசு, அப்படிதான் இருக்கும்"னாங்க. கிளினிக்ல "டென்ஷன், நல்லா தூங்குங்க".

பொம்பளைக்கு வேர்த்தா ஒண்ணு வயசு, இல்லனா டென்ஷன். மூணாவதா ஒண்ணு இருக்கவே கூடாதா? கடவுளே...

கடைசில செங்கல்பட்டுல ஒரு லேடி டாக்டர்தான், அது வர்ற நேரத்துலயே பிபி பாக்கணும்னு சொல்லி மெஷின் வாங்க வெச்சாங்க. அடுத்த தபா வேர்த்தப்ப நான்தான் கைல கட்டினேன். இருநூறத் தாண்டி ஓடுது! மெஷின் புட்டுகிச்சுன்னு நெனச்சு என் கைலயும் கட்டிப் பாத்தேன். மெஷின் நல்லாதான் இருந்துச்சு.

அப்புறம் ஒரு டெஸ்ட். ஒரு நாள் முழுக்க போற யூரின, லேப்ல ஆசிட் ஊத்திக் குடுக்குற கேன்ல புடிச்சு குடுக்கணும். வேற யாரா இருந்தாலும் லீவு போட்டு வூட்ல இருப்பாங்க. இந்த அம்மா கேனை கட்டப்பைல வெச்சு கம்பெனி பஸ்ல எடுத்துகினு வந்துச்சு! கேட்டா, "அட்டெண்டன்ஸ் போய்டும்டி."

டிரைவர் அண்ணன் "இன்னாக்கா, மோரா?"ன்னு கேட்டாரு. "ஆமா, குடிக்கிறியா? உள்ள ஆசிட் ஊத்தி கீது"ன்னாங்க. பஸ்ஸே சிரிச்சுது. நான் தலைல அடிச்சுகினேன்.

ரிசல்ட் வந்துச்சு. கிட்னிக்கு மேல அட்ரீனல்னு குட்டியா ஒரு சுரப்பி கீதாம். ஸ்கேன்ல பாத்தா அதுல எலுமிச்சம்பழ சைஸ்ல கட்டி. ஃபியோக்ரோமோசைட்டோமான்னு பேரு, எனக்கு வாய்ல நுழையவே ஒரு வாரம் ஆச்சு.

நாம பயந்தா ஒடம்புல ஒண்ணு சுரக்கும்ல... அத அந்தக் கட்டி நெனச்சப்பல்லாம் ரத்தத்துல கொட்டிகினு இருந்திருக்கு. எடுத்துட்டா சரியாய்டும்னாங்க. சரியாய்டும்! அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஒடனே ஆபரேஷன் பண்ண முடியாதாம், கட்டிய தொட்டாலே பிபி எகிறிடுமாம். அதனால ரெண்டு வாரம் மாத்திரை போட்டு ரத்தக் குழாய தளர்த்தணும். தளந்த குழாய்ல ரத்தம் பத்தாம போய்டக் கூடாதுன்னு தண்ணி நெறைய குடிக்கணும், உப்பும் சேத்துக்கணும். அக்கா வூட்டுக்காரர் முருகேசன் மாமா "பிபிகாரிக்கு எவனாவது உப்பு போடுவானா?"ன்னு ஒரே சண்டை. அவருக்கு புரிய வெக்கிறதுக்குள்ள எனக்கு பிபி வந்துடுச்சு.

இன்னொண்ணும் சொன்னாங்க. நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். "எங்கள கேக்காம வேற எந்த மாத்திரையும் போடாதீங்க. சளி மாத்திரை கூட. அது ரத்தக் குழாய இறுக்கி பிபிய ஏத்திடும்." அக்கா மண்டைய மண்டைய ஆட்டினாங்க.

ஆனா அக்கா ஹேண்ட்பேக் இருக்கே... எங்க பஸ்ஸுக்கு அதான் மெடிக்கல் ஷாப்பு. தலவலி, பல்லுவலி, வயித்துவலி, எது சொன்னாலும் அட்டைல இருந்து ஒண்ண கிழிச்சு நீட்டுவாங்க. நாங்களும் இன்னா ஏதுன்னு கேக்காம முழுங்குவோம்.

ஆபரேஷனுக்கு போடச் சொன்ன மாத்திரைலயே மூக்கு அடைக்குமாம். அக்காவுக்கும் அடைச்சுது. சளி புடிச்சுகினு போனா ஆபரேஷன தள்ளி வெச்சுடுவாங்களோன்னு பயந்துட்டாங்க. நேத்து சனிக்கிழமை காலைல பைல இருந்து ஒரு சளி மாத்திரைய எடுத்து போட்டுகினாங்க.

எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா? கேட்டா நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு தெரியும். அதான் அடிக்கல.

மத்தியானம் தலவலிக்குதுன்னு படுத்தாங்க. அப்பதான் மாமாகிட்ட மாத்திரை விஷயத்தயே சொல்லியிருக்காங்க. மூளைல ரத்தக்கசிவு. பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரில ஐசியு... அவ்ளோதான். அந்த மாத்திரைதான் காரணமான்னு அங்க டாக்டர்கிட்ட கேட்டேன். இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க.

இன்னிக்கு பூஞ்சேரி போயிருந்தேன். ஷாமியானாவுக்குக் கீழ ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட "டென்ஷன் பார்ட்டிப்பா, அதான்"னு சொல்லிகினு இருந்தாரு.

அப்ப மாமா போன் அடிச்சுது. ஆபரேஷன் பண்றதா இருந்த ஆஸ்பத்திரில இருந்து ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு பேசினது எனக்கே கேட்டுச்சு. நாளைக்கு காலைல அட்மிஷன், ரிப்போர்ட்லாம் எடுத்துகினு வந்துடுங்க, அம்மாவ மாத்திரை மட்டும் விடாம போடச் சொல்லுங்க.

மாமா எல்லாத்துக்கும் "சரிம்மா... சரிம்மா..."ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.

"இன்னா மாமா நீங்க? சொல்ல வேண்டியதுதானே!"ன்னு அத்தினி பேர் முன்னாடி கத்திட்டேன்.

"அங்கயாவது அவ நாளைக்கு வருவான்னு இருக்கட்டும்மா"ன்னாரு.

போக்கா... உங்கூட இனிமே பேச மாட்டேன்.