வெளிர் ரோஜா நிறம்

2000களின் நடுவில், மொன்றியல் கல்லூரி ஒன்றின் இரசாயன ஆய்வுகூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். கதவு நிலையில் இடிக்காமலிருக்கக் குனிந்து வரும் ஒரே மாணவன் அவன்தான். பந்தைக் கையில் பிடித்து ஓடும் வட அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரி அணியின் டைட் எண்ட். எதிரணியை மோதித் தடுப்பதும் பந்தைப் பிடிப்பதும் அவன் வேலை. எதைத் தொடுமுன்னும் விரல்களில் ஊதிக்கொள்வான். அப்படி ஊதியும் அந்த வருடம் நான்கு பியூரெட் குழாய்களை உடைத்திருந்தான்.

அன்று மறுதேர்வு. பியூரெட்டின் திருகைத் திறந்து அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாக விட்டு, வெளிர் ரோஜா நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். தவறினால் அணியில் இடமில்லை.

"மெதுவாத் திற தம்பி" என்றேன்.

"கதைக்காதேங்கோ அங்கிள். கோச் கத்தேக்கதான் என்ர கையிலயிருந்து பந்து நழுவுறது."

ஊதினான், திறந்தான். கடைசித் துளியில் நிறம் வந்தது. முப்பது விநாடியாகியும் மறையவில்லை.

"சரி" என்று நான் சொன்னதுதான் தாமதம், என் கால்கள் தரையிலிருந்து இரண்டடி மேலே நின்றன.

"இறக்கடா" என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல். தேர்வை நடத்திய பேராசிரியை எட்டிப் பார்த்தார். அந்த உயரத்திலிருந்தே பியூரெட் அளவை அவருக்குப் படித்துச் சொன்னேன். அவர் சரிபார்த்துத் தலையசைத்தார்.

பிறகுதான் இறக்கினான். என் குதிக்கால் தரையைத் தொட்ட கணம் எனக்குத் தெரியவேயில்லை. அந்தக் கைகளா நான்கு குழாய்களை உடைத்தன?