துண்டுக்குள் பேசிய தொப்பி விலை

அன்றைக்குக் கஞ்சிக்கோட்டு வெளியில், ஏரோப்ளேன் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை. அவருடைய மெக்கானிக்கான நான். சோற்றுத் தூக்கோடு வந்த என் மனைவி. எலப்புள்ளியில் மாட்டுத் தரகு செய்யும் அவள் அண்ணன். அவர் கூட்டிவந்த கோயமுத்தூர் வியாபாரி. வேறு ஒரு குஞ்சும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கொட்டகைப் பக்கமே வராதவர்களெல்லாம் இப்போது சாட்சி சொல்லுகிறார்கள்.

துரையின் ஏரோப்ளேனுக்குக் கூரை கிடையாது. இரண்டு குழி மாதிரி இரண்டு இருக்கை. பின்னால் உட்கார்ந்து அவர் ஓட்டுவார், முன்னால் நான். பழைய சண்டையில் பீரங்கிச் சத்தம் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மந்தம். மலைமேல் மாட்டுப்பட்டிப் புல்வெளியில் இறங்கப் போகும்போது, அங்கே ரேடியோப் பெட்டி வைத்திருந்த அவருடைய சிநேகிதரான இன்னொரு துரை ‘தெளிவு’ என்றோ ‘மூடல்’ என்றோ சொல்லுவார். அதை நான் கேட்டுக் கை காட்ட வேண்டும். வலக்கையைத் தூக்கினால் மலை மஞ்சில் மூடிக் கிடக்கிறது, திரும்பு என்று அர்த்தம். எனக்குச் சரியாகக் கேட்காவிட்டால் இருவரும் பாறையில் போய்த்தான் நிற்போம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். காற்றில் வருகிற பேச்சை நம்பித்தான் மலைக்குள் போக வேண்டும்.

வியாபாரி இரண்டு தோல் தொப்பிகளைக் கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் காதுக்கு நேராக, ரேடியோப் பேச்சு கேட்கும் குமிழ் வைத்துத் தைத்திருந்தது. ஒன்று புத்தம் புதிது, நாற்பத்தைந்து ரூபாய். மற்றது யாரோ போட்டுக் கழித்தது, முப்பது.

“தலை உன்னுது. நீ பாத்து எடு. இருபது ரூபா நான் குடுக்கும். மேலே போனா நீ குடுக்கும்” என்றார் துரை.

பேசி வைத்த நேரத்துக்கு மலையிலிருந்து ஏரோப்ளேனின் ரேடியோவுக்குக் குரல் வந்தது. புதியதை அதில் மாட்டித் தலையில் போட்டேன். கரகரவென்று வண்டு குடைகிற சத்தம்தான். பழையதில் ஏதோ பேச்சு மாதிரி கேட்டது. புதியதை வேண்டுமென்றே கெடுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே பட்டது.

என் மனைவி கிட்டே வந்து பார்த்தாள். “ஏனுங்க, காதுல கல்லை வெச்சுட்டுக் கேக்கலைன்னா எப்படிங்க கேக்கும்? அந்தக் கடுக்கனைக் கழட்டுங்க.”

காது குத்திய நாளிலிருந்து கழற்றாத சிவப்புக்கல் கடுக்கன். கழற்றியதும் குமிழ் காதோடு ஒட்டியது. இரண்டு தொப்பியிலும் மலைத் துரையின் கொச்சைத் தமிழ் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது.

“அப்பப் பழசையே எடுங்க மாப்ளெ. பழகின தோலு. புதுசு உழவு பழகாத கன்னு மாதிரி, தலையைப் புடிச்சு நெரிக்கும்” என்றார் மச்சான்.

“யாரு தலையில பழகுனது மச்சான்?”

வியாபாரி முந்திக்கொண்டார். “ஒரு வெள்ளைக்காரத் துரைங்க. சீமைக்குப் போறப்பக் குடுத்துட்டுப் போனாருங்க.”

“கப்பல்ல போனாரா, சவப்பெட்டியில போனாரா?” என்றேன்.

மச்சான் சிரித்தார். வியாபாரி சிரிக்கவில்லை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

தொப்பியின் உள்துணியில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. எண்ணெய் என்றார் வியாபாரி. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசமும் இல்லை, வேறு வாசமும் இல்லை. சோப்பு வாசம். யாரோ துவைத்திருக்கிறார்கள். எதற்காகத் துவைத்தார்கள்?

நான் இதை யோசித்து முடிப்பதற்குள் மச்சான் தோள் துண்டை எடுத்து வியாபாரியின் கைமேல் போட்டுவிட்டார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசி முடிப்பார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு நெளிந்தது. வியாபாரி தலையை ஆட்டினார். மச்சான் உதட்டைப் பிதுக்கினார். என் தலைக்கு இவர்கள் விலை பேசுகிறார்கள். இதில் மச்சானுக்கு எத்தனை?

துண்டைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

மச்சானின் மூன்று விரல் வியாபாரியின் பிடிக்குள் இருந்தது. மூன்று எதற்கு? விலையில் தள்ளுவதா, தரகுக்கு வாங்குவதா?

மச்சானின் முகம் கறுத்துவிட்டது. “இருவது வருசமாத் தரகு பண்றேன். எந் துண்டை எவனும் தூக்கினதில்லீங்க மாப்ளெ.”

“எனக்குத் தெரியாம என்ன பேச்சு மச்சான்? விழுந்தா நாந்தானே விழணும்.”

“துண்டு தூக்கினாப் பேரம் முறிஞ்சுதுங்க” என்றார் வியாபாரி. “இனிச் சொன்ன வெலைதான். சல்லிக்காசு கொறையாது.”

துரைக்கு என்ன புரிந்ததோ, விழுந்து விழுந்து சிரித்தார்.

“உசுருக்கு வெலை பேசிட்டு நிக்கறீங்களே! கறை இல்லாததை எடுங்க” என்றாள் என் மனைவி. புதியதையே எடுத்தேன். துரை இருபதைக் கொடுத்தார். கடுக்கனைப் பன்னிரண்டுக்கு எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொன்னார், கொடுத்துவிட்டேன். மீதியை மச்சான் தன் மடியிலிருந்து கொடுத்து வியாபாரியை அனுப்பினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் பின்னாலேயே போய்விட்டார்.

அடுத்த வாரம் பறந்தோம். ஆனைமலை தாண்டியும் காதில் இரைச்சல்தான். பிறகு, “மூடல், மூடல்.” எங்களுக்கு முன்னால் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குரல் மலைத் துரையுடையதுதானா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனாலும் கையைத் தூக்கினேன். துரை முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். அந்த நேரத்தில் மாட்டுப்பட்டியில் மஞ்சு மூடி எதிரே நின்ற மாடுகூடத் தெரியவில்லை என்று இரண்டு நாள் கழித்து மலையிலிருந்து வந்த லாரிக்காரர் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகும் மச்சான்மேல் சந்தேகம் தீரவில்லை. துண்டுக்குள் அந்த மூன்று விரல் என்ன என்று சொல்லட்டும், நின்ற இடத்தில் பணத்தை வைக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். துண்டுக்குள் பேசியதைத் தங்கச்சிக்கே சொல்லமாட்டேன், பணத்தை வை என்று பதில் வந்தது. அவரும் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை. பாக்கி பதின்மூன்று ரூபாய்.