கி.மு. 323-இல் யார் யார் செத்தது?

வரலாற்று வாத்தியார் வேலை என்பது, செத்தவர்களை வைத்து உயிரோடிருப்பவர்களைப் படுத்துகிற வேலை. வருஷங்களை மனப்பாடம் பண்ணி மண்டை காய்ந்த உங்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்த புதிது. மலாக்காவில், காஜா பெராங் பக்கம் சாயங்கால வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என்னை 'செகு', அதாவது வாத்தியார், என்று கூப்பிட்டுப் படித்தவர் வேலு. மலாக்கா செட்டி, அங்கேயே தலைமுறைகளாய் ஊறிப்போன தமிழ் வம்சம், சாமி கும்பிடுவது நம் முறைப்படி, பேசுவது மட்டும் அவர்கள் வீட்டு மலாய். ஒரு சர்க்கார் ஆபீசில் பியூன். அங்கே ஒரு குமாஸ்தா வேலை காலி, கிராணி என்பார்கள். அவருக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு சரி. கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் பியூன்தான். நேர்முகத் தேர்வு மலாயில், படித்த பாடத்திலிருந்தே கேட்பார்களாம்.

முதலில் கருமாதி

"அலெக்சாண்டர் பிறந்தது கி.மு. 356, இறந்தது 323" என்று போர்டில் எழுதினேன். வேலு முறைத்துப் பார்த்தார். கி.மு.வில் கணக்கு இறங்குமுகம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். தேர்வு நெருங்குகிறது, மனுஷன் நிதானமாகக் கேட்கிறார்: "செகு, இந்த ராஜாவுக்கு முதல்ல கருமாதி, அப்புறந்தான் தொட்டிலா?"

பூனையா அவர்?

ஒருவழியாக 323 மண்டையில் ஏறியது. "பாபிலோனில் இஸ்கந்தர் மாத்தி" என்று உரக்க ஒப்பித்தார். மாத்தி என்றால் செத்தான். வேலு வீட்டு மலாயில் எல்லாருக்கும் அதே சொல்தான். மரியாதை மலாயில் அப்படியில்லை. ராஜா செத்தால் 'மங்காட்', மனுஷர் செத்தால் 'மெனிங்கால்', நாய் பூனைக்குத்தான் 'மாத்தி'. அதிலும் இஸ்கந்தர் என்கிற அலெக்சாண்டர் மலாக்கா சுல்தான்களுக்கே மூதாதை என்பது இந்த ஊர் நம்பிக்கை.

பக்கத்து வகுப்பு மலாய் ஆசிரியர் யூசோப் எட்டிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "எங்க ராஜா வம்சத்துப் பாட்டன் என்ன, பூனையா?"

சேவல்

தேர்வில் இப்படி உளறினால் கதை கந்தல்! மங்காட், மங்காட் என்று விரட்டி விரட்டிச் சொல்ல வைத்தேன். ஒருநாள் தாமதமாக வந்து வாசலில் நின்றார். "மன்னிச்சுக்குங்க செகு, எங்க வீட்டுச் சேவல் மங்காட் ஆயிடுச்சு."

தேர்வு

மனசு கேட்காமல் நானும் போய் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன். உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவிலிருந்தவர் சிரிக்கிற ஜாதியாகத் தெரியவில்லை.

"கி.மு. 323-இல் இறந்தவர்கள் யார்?"

"ராஜா இஸ்கந்தர் மங்காட், துவான்."

அப்பாடா!

"வேறு?"

"டயோஜனிஸ் மாத்தி."

போச்சுடா! டயோஜனிஸ் கிரேக்க ஞானி. தாழிக்குள் குடியிருந்தவர், அதே வருஷம்தான் போனார் என்பார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு ஞானிக்கா மாத்தி?"

"தன்னை நாய்னு அவரே சொல்லிக்கிட்டார், துவான்."

ஓரத்தில் இருந்தவர் இருமினார். நடுவிலிருந்தவர் விடவில்லை. "சரி, நீ போனால் எந்தச் சொல்?"

வேலு முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து நிமிர்ந்து நின்றார்.

"அது உங்க கையில இருக்கு, துவான். கிராணியாக்கினா மெனிங்கால், பியூனாவே விட்டா மாத்தி."

வேலு கிராணியாகிவிட்டார், நான்தான் அடுத்த ஆளுக்கு அதே சாவுகளைச் சொல்லிக்கொண்டு இன்னும் கி.மு.விலேயே கிடக்கிறேன்.