மூன்றாம் ஓலைக்காக நடந்த பத்து மைல்

சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குக் காரில் போகிறோம், வழியில் பழைய சர்ச் ஏதாவது பார்க்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நான் போன ஒரு பயணத்தைச் சொல்லாமல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வராது. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம்.

அப்பா, காரிமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துச் சபைக்குப் போதகர். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்ற அறிவிப்புதான் ஓலை. அதைப் போதகர்தான் வாசிக்க வேண்டும். இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவது அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும், அதற்கடுத்த புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை மிலிட்டரிக்காரர், அந்த வாரக் கடைசியில் அவருக்கு லீவு முடிகிறது. மூன்றாம் ஓலை தவறினால் அடுத்த லீவுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, போதகர்கள் கூட்டத்துக்கு அப்பா சேலம் போனார். முகூர்த்தப் புடவை எடுக்க நானும் ஒட்டிக்கொண்டேன். திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குடைசாய்ந்து கிடந்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர் வந்த பஸ் அங்கே நான்கு மணி நேரம் நின்றது. (இன்று ரோடு அகலம்தான், ஆனாலும் இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.) தருமபுரி வந்தபோது எங்கள் ஊர் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அப்பாவுக்குப் பழக்கமான ஜவுளிக்கடை ரஹீம் பாய் வீட்டில் சோறும் பாயும் கிடைத்தன.

விடிந்ததும் ஆறு மணிக்கு பஸ் இருந்தது. ஆனால் அப்பா ஏற மாட்டார். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை தனக்காக இன்னொருவரை வேலை வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. டிரைவர், கண்டக்டர், வண்டிமாடு எல்லாம் அதில் அடக்கம். இது தெரிந்த பாய் தன் மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“எங்களுக்கு வெள்ளிக்கெழமைதானுங்க. இன்னைக்கு ஓட்டுனா எனக்கு என்னங்க குத்தம்?” என்றார்.

“உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க பாய். ஏறுனா எனக்குத்தான் குத்தம்” என்று சொல்லி அப்பா செருப்பை மாட்டினார்.

எனக்கு வந்ததே கோபம்! சொந்த மகள் கல்யாணத்தைவிடவா உங்களுக்குப் பிடிவாதம் பெரிசு என்று நடுரோட்டிலேயே கேட்டேன். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். பத்து மைல், கிட்டத்தட்ட பதினாறு கிலோமீட்டர். ஒன்பதரை ஆராதனைக்கு எட்டிப் பிடித்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அப்பா கையில் வேதாகமத்தைப் பார்த்த ஒரு மனிதர், மனைவிக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது, வந்து ஜெபம் பண்ணுங்க என்று கூப்பிட்டார். ஓய்வுநாளில் பஸ் ஏறக் கூடாது, நோயாளியைப் பார்க்கலாம்! ஒரு மணி நேரம் போயிற்று. அதற்கப்புறம் அப்பாவின் செருப்பு வார் அறுந்தது. கல்யாணம் கைவிட்டுப் போனது என்று முடிவு கட்டி அழுதுகொண்டே நடந்தேன்.

ஊர் எல்லைக்கு வரும்போது மணி பதினொன்றரை. பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்குப் புரியவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. சர்ச் வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். போதகர் வராவிட்டால் என்ன, ஓலை வாசித்ததாகப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்று அவர் பத்து மணிக்கே சொல்லிவிட்டாராம். சபை மூப்பர் தாவீது வெளியே வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னார்.

“வாசிக்காதத வாசிச்சோம்னு எழுதுனா அந்தப் புள்ள கலியாணமே பொய்யில ஆரம்பிக்குமுங்களேன்னு சொல்லிட்டனுங்க. ஐயா வருவீங்கன்னு தெரியும். நடந்துதான் வருவீங்கன்னும் தெரியும். அதான் நீளமான பாட்டாப் பாத்து எடுத்தமுங்க.”

முப்பது குடும்பம். பால்குடிப் பிள்ளைகளும் வயசானவர்களும் உட்பட ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஓலை வாசிக்கும்போது கல்யாணப் பெண் உள்ளே இருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம், அதனால் நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அப்பா வெறுங்காலோடு பீடத்தில் ஏறி என் பெயரை வாசித்தார். ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். ஒரு சத்தமில்லை. என் அப்பா, என் சபை என்று எனக்கு நெஞ்சு விம்மியது. புதன்கிழமை கல்யாணம் நடந்தது.

அந்தச் சர்ச்சுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: தருமபுரியிலிருந்து காரிமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குப் போனால் ஆராதனையிலும் உட்காரலாம். தண்ணீர் கொண்டு போங்கள், பக்கத்தில் கடை கிடையாது. பஸ்ஸிலேயே போங்கள், நானும் இப்போது ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறவள்தான். அப்பாவின் சட்டம் எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் பத்து நிமிஷம் தாமதமானால் ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்கள், பக்தி குறைந்துவிட்டது என்று போதகர்கள் என்னிடமே வந்து குறைப்படுகிறார்கள். எங்கள் ஜனங்கள் சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.